ஆண்களுக்கும் வயதாகிறது: தெம்பு மருந்து தேடி உயிரை விடாதீர்கள்



இந்த முறை நான் எழுதப் போவது கொஞ்சம் கூச்சமான விஷயம். ஆனால் இந்தக் கூச்சத்தினாலேயே மனித உயிர்கள் போயிருக்கின்றன. ஆகையால் எழுதியே ஆக வேண்டும். இது ஆம்பிளைகள் சமாசாரம் என்று தாய்மார்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். முழுதும் படியுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்தும் காட்டுங்கள்.

ஒரு திங்கட்கிழமை காலை. பிரட்டு முடிந்து ஆட்களெல்லாம் வேலைக்காட்டுக்குப் போய்விட்டார்கள். அப்போது ஓர் அண்ணன் மருந்தகத்துக்கு வந்தார். வயது 52. இருபத்தைந்து வருடமாகச் செம்பனைக் குலை வெட்டுகிறவர். வெளியே யாரும் இல்லை என்று இரண்டு தடவை எட்டிப் பார்த்த பிறகுதான் உட்கார்ந்தார்.

"ஐயா, ஒரு வருசமா ஒடம்புல தெம்பே இல்லீங்க. பத்துக் குல வெட்டுறதுக்குள்ள கை ஓஞ்சு போவுது. ராத்திரியிலயும்... முன்ன மாதிரி இல்ல. வீட்டுல ஒன்னும் கேக்கறதில்ல, ஆனா எனக்கே வெக்கமா இருக்கு" என்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். "நேத்து சிங்கப்பூர்ல மச்சான் வீட்டுக்குப் போனேன். தேக்காவுல சாமான் வாங்கிட்டுத் திரும்புற வழியில, ஒரு சந்துல வச்சு ஒருத்தன் வித்தான். வயசானா ஆம்பளைக்குக் கொறையுற சத்து இதுல இருக்குன்னான். ஒன்னு போட்டேன். பாலத்துல பஸ்ஸுல நிக்கறப்ப வேர்த்துக் கொட்டி, கையெல்லாம் ஆடிப் போச்சு. ஜொகூர் பாருல எறங்கி இனிப்பா ரெண்டு டீ குடிச்சேன், சரியாயிடுச்சு. ரொம்ப பவரான மருந்து போல. பாதி பாதியாப் போட்டா ஆகுங்களா?"

தோழர்களே, இதைக் கேட்டதும் எனக்கு வயிறு கலங்கிவிட்டது. அந்த மாத்திரையில் என்ன இருந்தது என்று யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. ஆனால் திடீர் வியர்வை, கை நடுக்கம், இனிப்பு குடித்ததும் தெளிவு என்று அவர் சொன்ன மூன்றும் இரத்தத்தில் சர்க்கரை சடாரென்று இறங்கியதற்கான அடையாளங்கள். அந்த இரண்டு கிளாஸ் டீதான் அவரைக் காப்பாற்றியது என்பது என் எண்ணம். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், இதே மாதிரி ஒரு சங்கதி சிங்கப்பூரில் முன்பே நடந்திருக்கிறது.

2008-இல் சிங்கப்பூரில் நடந்தது

2008-ஆம் ஆண்டு தொடக்கத்தில் சிங்கப்பூர் ஆஸ்பத்திரிகளுக்கு ஒரு வினோதமான நோயாளிக் கூட்டம் வர ஆரம்பித்தது. பெரும்பாலும் ஆண்கள். சிலர் மயக்கத்தில், சிலர் வலிப்பில், சிலர் பேச்சுக் குழறிய நிலையில் வந்தார்கள். இரத்தத்தைச் சோதித்தால் சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது. ஆனால் இவர்களில் யாருக்கும் சர்க்கரை வியாதி கிடையாது, அதற்கு மருந்து சாப்பிடுகிறவர்களும் அல்ல. ஜனவரி 1-ஆம் தேதி முதல் மே 26-ஆம் தேதி வரை, 5 அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இப்படி 150 பேர் சேர்க்கப்பட்டார்கள்.

டாக்டர்கள் இரத்தத்தையும் சிறுநீரையும் ஆராய்ந்தபோது பெரும்பாலோருடைய உடம்பில் கிளிபென்கிளமைடு என்ற மருந்து இருப்பது தெரிய வந்தது. இது சர்க்கரை வியாதிக்குக் கொடுக்கும் பழைய மாத்திரை. டாவோனில் என்று சொன்னால் நம் பெரியவர்கள் பலருக்குத் தெரியும். இது எப்படி இவர்கள் உடம்புக்குள் போனது? ஆண்மைக்கு என்று கள்ளத்தனமாக விற்கப்பட்ட மாத்திரைகள் வழியாகப் போனது. பிரபலமான ஒரு மாத்திரையின் போலியிலும், மூலிகை என்று பெயர் போட்ட சில குளிகைகளிலும் இந்தச் சர்க்கரை மருந்து வழக்கமான அளவைவிடப் பல மடங்கு கலந்திருந்தது.

நம் மூளை இரத்தத்தில் ஓடும் சர்க்கரையை நம்பியே வேலை செய்கிறது. அது நெடுநேரம் கிடைக்காமல் போனால் மூளை சேதமடைகிறது. அந்த 150 பேரில் 7 பேர் நினைவு திரும்பாமலே கிடந்தார்கள். 4 பேர் இறந்து போனார்கள்.

இதில் இன்னொன்றையும் கவனியுங்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோது, ஆமாம், இப்படி ஒரு மருந்து சாப்பிட்டேன் என்று ஒப்புக்கொண்டவர்கள் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. சாவின் விளிம்பில் கிடக்கும்போதும் வெட்கம் வாயை அடைத்திருக்கிறது. என்ன சாப்பிட்டார் என்று தெரியாமல் டாக்டர் எப்படிச் சரியான வைத்தியம் பார்ப்பார்?

ஆண் சுரப்பு நீர் என்றால் என்ன?

சரி, சந்தில் நின்றவன் சொன்ன அந்த "வயதானால் குறையும் சத்து" என்பது என்ன? அதில் முழுப் பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை.

ஆணின் உடம்பில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் சுரக்கிறது. தமிழில் ஆண் சுரப்பு நீர் என்று வைத்துக்கொள்ளலாம். இது பெரும்பாலும் விதைகளில்தான் உண்டாகிறது. பருவ வயதில் மீசை அரும்புவதும், குரல் உடைவதும், தோள் விரிவதும் இதன் வேலை. வளர்ந்த பிறகு தசைக்குப் பலமும் எலும்புக்கு உறுதியும் தருகிறது. இரத்தத்தில் சிவப்பு அணுக்கள் உண்டாகவும், விந்து உண்டாகவும், தாம்பத்திய ஆசை எழவும், மனம் உற்சாகமாக இருக்கவும் உதவுகிறது.

விதைகள் தாமாக இதைச் சுரப்பதில்லை. தோட்டத்தில் துரை மண்டோருக்குச் சொல்ல, மண்டோர் ஆட்களுக்குச் சொல்ல, அதன் பிறகுதானே வேலை நடக்கிறது? உடம்பிலும் அப்படித்தான். மூளைக்குள் ஓர் இடம் துரை மாதிரி. அதற்குக் கீழே பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்று ஒரு சுரப்பி தொங்குகிறது. அது மண்டோர். மண்டோர் இரத்தத்தின் வழியாகக் கட்டளை அனுப்ப, விதைகள் வேலை செய்கின்றன. சுரந்தது போதும் என்றால் மண்டோர் கட்டளையைக் குறைத்துக்கொள்வார். இதை ஞாபகத்தில் வையுங்கள், ஊசியைப் பற்றிச் சொல்லும்போது மறுபடியும் வரும்.

வயதானால் எவ்வளவு குறைகிறது?

பெண்களுக்கு 50 வயதை ஒட்டி மாதவிடாய் நின்றுபோகிறது. சினைப்பைகள் வேலையை நிறுத்திவிடுகின்றன. சில வருடங்களுக்குள் பெண் ஹார்மோன் வெகுவாக இறங்கிவிடுகிறது. ஆண்களுக்கு அப்படி ஒரு நிற்கும் காலம் கிடையாது. அதனால் ஆண்களுக்கும் மாதவிடாய் நிற்பதுபோல் ஒன்று வருகிறது, ஆண்ட்ரோபாஸ் என்று சிலர் சொல்வது பொருத்தமில்லாத பேச்சு. எழுபது வயதில் பிள்ளைக்குத் தகப்பன் ஆனவர்களும் உண்டு.

ஆண் சுரப்பு நீர் ஏறக்குறைய 40 வயதிலிருந்து வருடத்துக்கு 100-க்கு 1 பங்கு என்ற கணக்கில் மெதுவாகக் குறைகிறது. வயதான பால்மரத்தில் பால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். மரம் பட்டுப்போவதில்லை. 60 வயதிலும் 70 வயதிலும் பெரும்பாலான ஆண்களுக்கு வாழ்க்கைக்கு வேண்டிய அளவு இருக்கத்தான் செய்கிறது.

அப்படியானால் எத்தனை பேருக்கு இது உண்மையில் வியாதி என்று சொல்லும் அளவுக்குக் குறைகிறது? ஐரோப்பாவில் 8 ஊர்களில் 40 முதல் 79 வயது வரையுள்ள 3,369 ஆண்களைச் சோதித்து, 2010-இல் முடிவை வெளியிட்டார்கள். இரத்தத்தில் ஹார்மோன் குறைவும் இருக்க வேண்டும், கூடவே அதிகாலை விறைப்பு குறைவது, ஆசை குறைவது, உறவின்போது விறைப்பு நிற்காமை ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் வியாதி என்று கணக்கிட்டார்கள். அப்படிப் பார்த்ததில் 100-க்கு 2 பேருக்குத்தான் அது இருந்தது. 40-களில் இருப்பவர்களில் ஆயிரத்துக்கு ஒருவர். 70-ஐத் தாண்டியவர்களில் 100-க்கு 5 பேர்.

ஆகவே, "எனக்கு ஹார்மோன் போயிடுச்சு" என்று நினைக்கும் பெரும்பாலான ஆண்களுக்கு ஹார்மோன் போகவில்லை. வேறு ஏதோ நடந்துகொண்டிருக்கிறது. ரப்பர் காட்டில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும், பால் குறைந்தால் எல்லாவற்றுக்கும் மரத்தின் வயதுதான் காரணம் என்று சொல்ல மாட்டோம். பட்டையில் நோவு இருக்கிறதா என்று பார்ப்போம். உடம்பையும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

அந்த வேறு காரணங்கள் என்ன?

முதல் காரணம் சர்க்கரை வியாதி. நம் ஜனங்களுக்கு இது அதிகம். சிங்கப்பூரில் 2010-இல் எடுத்த தேசியச் சுகாதார ஆய்வில் சீனர்களில் 100-க்கு 9.7 பேருக்கும், மலாய்க்காரர்களில் 16.6 பேருக்கும், இந்தியர்களில் 17.2 பேருக்கும் சர்க்கரை வியாதி இருப்பது தெரிந்தது. சர்க்கரை அதிகமானால் நரம்பும் சிறு இரத்தக் குழாய்களும் கெடுகின்றன. அதனால் விறைப்பு குறைகிறது. ஹார்மோனும் குறைகிறது. சோர்வும் வருகிறது. மூன்றும் சேர்ந்து வரும்போது மனிதன் வயசாயிடுச்சு என்று நினைத்துக்கொள்கிறான்.

இரண்டாவது, தொப்பை. வயிற்றுக் கொழுப்பு சும்மா இருப்பதில்லை. அது ஆண் ஹார்மோனைப் பிடித்துப் பெண் ஹார்மோனாக மாற்றுகிறது. எடையைக் குறைத்தால் மருந்தில்லாமலே ஆண் ஹார்மோன் ஏறுகிறது.

மூன்றாவது, தூக்கம். அமெரிக்காவில் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான 10 வாலிபர்களை ஒரு வாரம் தினம் 5 மணி நேரம் மட்டும் தூங்க வைத்தார்கள். அவர்களுடைய ஹார்மோன் 100-க்கு 10 முதல் 15 பங்கு வரை குறைந்துவிட்டது. இது 2011-இல் வெளிவந்த செய்தி. பத்துப் பதினைந்து வருடத்து வயது குறைப்பதை ஒரு வாரத் தூக்கக்கேடு குறைத்துவிட்டது! நம் தோட்டத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் விடியற்காலை 3 மணிக்கும் 4 மணிக்கும் எழுந்து மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறார்கள்? திரும்பி வந்து படுக்கும்போது ராத்திரி 10, 11 ஆகிறது. அவர்களுடைய சோர்வுக்கு மாத்திரை தேடுவதைவிட, ஓவர்டைமைக் குறைக்க வழி தேடுவது நல்லது.

தூக்கத்தில் பெரிய குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று, திடுக்கிட்டு எழுகிறவர்கள் அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். வீட்டுக்காரிக்குத்தான் இது தெரியும்.

நான்காவது, குடி. சம்சுவோ பீரோ, தினமும் ஏறினால் ஈரலும் கெடும், விதைகளும் சுருங்கும். குடித்தால் ஆம்பிளைத்தனம் ஏறும் என்பது கடைக்காரன் கட்டிய கதை.

ஐந்தாவது, மனக்கவலை. பிள்ளை படிப்பு, கடன், ஓய்வு பெற்றால் தோட்டத்து வீட்டைக் காலி செய்ய வேண்டுமே என்ற பயம், இவையெல்லாம் ஆசையை அணைத்துவிடும். ஒன்றிலும் நாட்டமில்லை, தூக்கம் வரவில்லை, வாழ்ந்து என்ன பயன் என்று தோன்றினால் அது மன அழுத்தம். அதற்கும் வைத்தியம் உண்டு.

பிரஷருக்கும் மன நோய்க்கும் கொடுக்கும் சில மருந்துகளாலும் விறைப்பு குறையலாம். ஆனால் நீங்களாக மருந்தை நிறுத்தக் கூடாது. டாக்டரிடம் சொன்னால் வேறு மருந்து மாற்றிக் கொடுப்பார்.

இன்னும் முக்கியமான ஒன்று. ஆண்குறிக்குப் போகும் இரத்தக் குழாய்கள் இருதயத்துக்குப் போகும் குழாய்களைவிடச் சிறியவை. கொழுப்பு அடைக்க ஆரம்பித்தால் சிறிய குழாய்தான் முதலில் காட்டிக் கொடுக்கும். ஆகவே இன்றைக்கு விறைப்பு குறைவது, சில வருடங்கள் கழித்து வரப்போகும் மாரடைப்புக்கு முன்னறிவிப்பாக இருக்கலாம். அந்த எச்சரிக்கையைச் சந்து மாத்திரை போட்டு அமுக்கிவிட்டால் பிறகு மாரடைப்பு எச்சரிக்கையில்லாமலே வரும்.

எங்கே, எப்படிச் சோதிப்பது?

முதலில் சோதிக்க வேண்டியது சர்க்கரை, பிரஷர், கொழுப்பு, எடை. ஹார்மோன் சோதனை அதற்குப் பிறகுதான். மலேசியாவில் இருப்பவர்கள் அரசாங்கக் கிளினிக்குக்குப் போகலாம். அரசாங்க உதவித் தொகை பெறுகிற குடும்பங்களில் 40 வயதானவர்களுக்குப் பெக்கா பி40 திட்டத்தில் இலவசப் பரிசோதனை உண்டு. சிங்கப்பூர்வாசிகள் பலதுறை மருந்தகத்துக்குப் போகலாம். தேக்கா பக்கம் இருப்பவர்களுக்குச் சிராங்கூன் ரோட்டிலேயே காலாங் பலதுறை மருந்தகம் இருக்கிறது. மாத்திரை விற்கும் சந்துக்கு நடக்கிற கால் அங்கே நடக்காதா? சிங்கப்பூரில் வேலை பெர்மிட்டில் இருப்பவர்களுக்கு முதலாளி மருத்துவக் காப்புறுதி எடுத்திருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். ஆகவே ஆஸ்பத்திரியில் சேர வேண்டிய நிலைமை வந்தால் செலவுக்குப் பயந்து அறையில் ஒளிந்து கிடக்காதீர்கள்.

ஹார்மோன் சோதனை தேவை என்று டாக்டர் சொன்னால், நன்றாகத் தூங்கி எழுந்த காலையில், பசியாறுவதற்கு முன் இரத்தம் கொடுக்க வேண்டும். இந்த ஹார்மோன் காலையில்தான் உச்சத்தில் இருக்கும். சாயங்காலம் எடுத்தால் குறைவாகக் காட்டி வீண் பயம் உண்டாக்கும். காய்ச்சல், நோவு இருக்கும்போதும் எடுக்கக் கூடாது. ஒருமுறை குறைவாக வந்தால் இன்னொரு நாள் காலையில் மறுபடியும் எடுத்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்ளலாமா?

இந்த ஆசை இன்று நேற்று வந்ததல்ல. 1889-இல் பாரிசில் பிரவுன்-செக்கார் என்ற பேர்போன டாக்டர், தம் 72-ஆம் வயதில், நாய், சீமைப் பெருச்சாளி ஆகியவற்றின் விதைச் சாற்றைத் தமக்கே ஊசி போட்டுக்கொண்டு, இளமை திரும்பிவிட்டது என்று அறிவித்தார். ஊரே பின்னால் ஓடியது. அந்தச் சாற்றில் ஹார்மோன் பெயருக்குக்கூட இல்லை என்று பிற்காலத்தில் தெரிந்தது. அவருக்கு வந்த தெம்பு மனசு கொடுத்த தெம்பு. அவரும் 1894-இல் காலமானார். உண்மையான டெஸ்டோஸ்டிரோனைப் பிரித்தெடுத்தது 1935-இல்தான். அதே ஆண்டில் அதைச் செயற்கையாகவும் செய்துவிட்டார்கள். அப்படிச் செய்த பூட்டனாண்ட், ருசிக்கா என்ற இருவருக்கும் 1939-ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது.

இன்று டாக்டர்களிடம் ஊசியும், தோலில் தடவும் களிம்பும் உண்டு. உண்மையிலேயே குறைவு உள்ளவர்களுக்கு இது நல்ல மருந்து. ஆனால் எல்லோருக்கும் டானிக் அல்ல. அமெரிக்காவில் 65 வயதைத் தாண்டிய, ஹார்மோன் குறைந்த 790 ஆண்களுக்கு ஒரு வருடம் கொடுத்துப் பார்த்து 2016-இல் வெளியிட்டார்கள். தாம்பத்திய ஆசை ஓரளவு கூடியது. ஆனால் சோர்வு நீங்கி இளமை திரும்பவில்லை. 2023-இல் 5,000 பேருக்கு மேல் நடத்திய இன்னொரு சோதனையில் மாரடைப்பு கூடவில்லை என்று தெரிந்தது. ஆனால் இருதயத் துடிப்புக் கோளாறும், நுரையீரலில் இரத்தக் கட்டியும், சிறுநீரகக் கோளாறும் கொஞ்சம் அதிகமாகக் காணப்பட்டன. இரத்தம் தடித்துப்போவதும் உண்டு. புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் இருப்பவர்களுக்கு இது ஆகாது. அதனால்தான் டாக்டர் அடிக்கடி இரத்தம் எடுத்துப் பார்க்கிறார்.

இப்போது மண்டோர் கதைக்கு வருவோம். ஹார்மோன் வெளியிலிருந்து வந்து குவிந்தால், "ஸ்டோர் நெறஞ்சு கெடக்கு, இனி வேலை வேண்டாம்" என்று மண்டோர் கட்டளையை நிறுத்திவிடுவார். விதைகள் சும்மா கிடந்து சுருங்கும். விந்து உண்டாவது நின்றுபோகும். பிள்ளை வேண்டும் என்று நினைக்கும் வாலிபர்கள் உடம்பு ஏற்றுவதற்காக ஜிம்மில் யாரோ கொடுக்கும் ஊசியைப் போட்டுக்கொள்வது எவ்வளவு முட்டாள்தனம் என்று இதிலிருந்து தெரிந்துகொள்ளுங்கள். பால்மரத்துக்கு மருந்து தடவினால் பால் கூடும்தான். அளவு மீறித் தடவினால் பட்டை காய்ந்துவிடுகிறதே, அதுபோலத்தான்.

வேர், காப்பி, லேகியம்

தொங்காட் அலி என்ற வேரைப் பற்றி நம் நாட்டில் எல்லோரும் பேசுகிறார்கள். காட்டு வேரை ஒரு பெரியவர் அவித்துக் குடிப்பதைப் பற்றி நான் பேசவில்லை. டப்பாவில் அடைத்து, "ஆண் சக்தி" என்று படம் போட்டு விற்கும் காப்பித் தூள், மிட்டாய், குளிகை இவற்றைப் பற்றித்தான் சொல்கிறேன். இப்படிப்பட்ட சரக்குகளில் சில்டெனாஃபில், தடாலாஃபில் என்ற விறைப்பு மருந்துகளை ரகசியமாகக் கலந்திருப்பதைச் சிங்கப்பூரின் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. மருந்து கலந்தால் வேலை செய்யத்தான் செய்யும். அதைத்தான் மூலிகையின் மகிமை என்கிறார்கள். ஆனால் நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை சாப்பிடுகிறவர் இதையும் சாப்பிட்டால் பிரஷர் ஒரேயடியாக இறங்கி உயிர் போகலாம். இந்த விறைப்பு மருந்துகள் டாக்டரிடம் முறையாகக் கிடைக்கின்றன. உங்கள் இருதயத்தைப் பார்த்து, மற்ற மருந்துகளைக் கேட்டு, அளவு சொல்லிக் கொடுப்பார். அதில் வெட்கத்துக்கு இடமில்லை.

மயங்கி விழுந்தால் செய்ய வேண்டியது

இப்படி ஏதாவது சாப்பிட்டவருக்குத் திடீர் வியர்வை, நடுக்கம், படபடப்பு, பேச்சுக் குழறல், குடிகாரர் மாதிரித் தள்ளாட்டம் கண்டால், நினைவு இருக்கும்போதே சர்க்கரைத் தண்ணீர், இனிப்புத் தேநீர், சோடா எதையாவது கொடுங்கள். நினைவு இல்லையென்றால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக் குழாயில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு ஆம்புலன்சைக் கூப்பிடுங்கள். சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999. தெளிந்துவிட்டார் என்று வீட்டிலேயே வைத்துக்கொள்ளவும் கூடாது. அந்தச் சர்க்கரை மருந்தின் வேகம் ஒரு நாள் வரை இருக்கும், மறுபடியும் இறங்கும். மீதி மாத்திரையையும் அட்டையையும் கையோடு எடுத்துப் போய் டாக்டரிடம் கொடுங்கள். அவர் உங்களைத் திட்டுவதற்காகக் கேட்கவில்லை, காப்பாற்றுவதற்காகக் கேட்கிறார்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை

வீட்டுக்காரர் விலகிப் படுத்தால், அவருக்கு வேறு தொடுப்பு என்று சந்தேகப்படுவதும், "வயசாயிடுச்சு இவருக்கு" என்று நாலு பேர் முன்னால் கேலி பேசுவதும் அவரைச் சந்துக் கடைக்குத்தான் அனுப்பும். ராத்திரியில் அடிக்கடி எழுந்து சிறுநீர் கழிக்கிறாரா, தாகம் அதிகமா, எடை குறைகிறதா, குறட்டை எப்படி, இவற்றைக் கவனித்து, "வாங்க, ரெண்டு பேருமே போய் ரத்தம் பாத்துட்டு வருவோம்" என்று கூட்டி வாருங்கள். இரண்டு பேரும் சேர்ந்து வந்தால் பாதிக் கூச்சம் வாசலிலேயே போய்விடும்.

அந்த அண்ணனுக்கு என்ன ஆனது?

அன்று காலை அவர் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தேன். 16.4 காட்டியது. முதல் நாள் மாத்திரையில் இறங்கிய சர்க்கரை மறுநாள் அங்கே ஏறி நின்றது. அவருக்கு எத்தனையோ மாதங்களாகச் சர்க்கரை வியாதி இருந்திருக்கிறது, அவருக்குத்தான் தெரியவில்லை. அன்றே ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைத்தேன். பிற்பாடு ஹார்மோனும் பார்த்தார்கள். அது அவர் வயதுக்குச் சரியாகவே இருந்தது.

இப்போது முறையாக மருந்து சாப்பிடுகிறார். தேநீரில் சீனியை விட்டார், ராத்திரி பீரை விட்டார். அக்காவும் கூடவே சாயங்காலம் பந்து திடலைச் சுற்றி நடக்கிறார். ஏழெட்டு மாதம் கழித்து மருந்து வாங்க வந்தபோது, "இப்ப எப்படிண்ணே?" என்று கேட்டேன். வெளியே நின்ற அக்காவை ஒரு தடவை பார்த்துக்கொண்டு, "பரவால்லீங்க ஐயா, குலையும் வெட்டுறேன், கொறையும் இல்ல" என்று சிரித்தார்.

தோழர்களே, நம் உடம்பை நம்பித்தான் நம் குடும்பம் இருக்கிறது. வயதாவது குற்றமல்ல, தெம்பு குறைவதும் அவமானமல்ல. எதனால் குறைகிறது என்று தெரிந்துகொள்ளாமல் இருட்டுச் சந்தில் காசைக் கொடுத்து விஷத்தை வாங்குவதுதான் தவறு. மருந்தகக் கதவு திறந்துதான் இருக்கிறது. யாரும் இல்லாத நேரம் பார்த்து வாருங்கள். சொல்வது என் காதோடு நிற்கும்.